குழந்தை நட்சத்திரம் நடிகையாக வளர்ந்த கதையை எழுதுவது எப்படி? ஸ்ரீதேவியின் திரைவாழ்வை முன்வைத்து ஒரு வழிகாட்டி

குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகிப் பின்னாளில் கதாநாயகியான நடிகைகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே போக்கில்தான் அமைகின்றன. நான்கு வயதில் கேமரா முன் நின்றார் என்று முதல் வரி சொல்லும். இரண்டாம் வரியிலேயே அவர் முன்னணி நடிகை ஆகிவிடுவார். இடைப்பட்ட எட்டு, ஒன்பது ஆண்டுகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்த ஆண்டுகளில் அந்தக் குழந்தை வசனத்தை மனப்பாடம் செய்திருக்கிறது, ஒப்பனை போட்டுக்கொண்டு தன் காட்சிக்காகக் காத்திருந்திருக்கிறது, பெரியவர்களுக்கு நடுவே ஒரு பெரியவரைப்போல வேலை பார்த்துச் சம்பாதித்திருக்கிறது. அந்த உழைப்பை உழைப்பாகவே எழுத வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஆண்டு மலருக்கோ, இதழுக்கோ, கல்லூரி ஆய்வேட்டுக்கோ ஒரு நடிகையின் வாழ்க்கையை எழுத முற்படுபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஸ்ரீதேவியை எடுத்துக்கொள்கிறேன். சிவகாசிக்கு அருகிலுள்ள மீனம்பட்டியில் வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்து, அரை நூற்றாண்டுத் தடத்தைத் திரையில் விட்டுச் சென்றவர் அவர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என ஐந்து மொழிகளிலும் அவர் நடித்த படங்கள் இருக்கின்றன. குழந்தையிலிருந்து கதாநாயகியாக மாறிய அந்த மாற்றத்தை ஆண்டுவாரியாகத் திரையிலேயே பார்க்க முடிகிற அரிய வாழ்க்கை அவருடையது.

முதலில் வயதைக் கணக்கிடுங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு நோட்டில் படத்தின் பெயர், வெளியான தேதி, அன்று நடிகையின் வயது, ஏற்ற பாத்திரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இது எளிய வேலையாகத் தோன்றினாலும் கட்டுரையின் முகத்தையே மாற்றிவிடக்கூடியது. ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட் 13. ‘துணைவன்’ 1969 ஜூலையில் வெளியானபோது அவருக்கு ஆறு வயது நிறையவில்லை. கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ 1976 அக்டோபரில் வெளியானபோது வயது 13. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பரில் வந்தபோது, படத்தின் தலைப்பில் இருந்த வயதை அவர் இன்னும் எட்டியிருக்கவில்லை, அவருக்கு 14தான். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982 பிப்ரவரியில் வந்தபோது 18. இந்த எண்களை வரிசையாக எழுதி ஒருமுறை பார்த்துவிட்டால், ‘இளம் வயதிலேயே கதாநாயகி ஆனார்’ என்ற பொதுப்படையான வரியை எழுத உங்கள் கை தயங்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வெளியான தேதி படப்பிடிப்பு நடந்த தேதி அன்று. ஒரு படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னரே, சில வேளைகளில் ஓராண்டுக்கும் முன்னரே, காட்சிகள் படமாக்கப்பட்டிருக்கும். ஆகவே நீங்கள் கணக்கிடும் வயது அதிகபட்ச வயதுதான். நடித்தபோது அந்தச் சிறுமி அதைவிடச் சிறியவள்.

முதல் படம் எது என்பதில்தான் பெரும்பாலான குழந்தை நட்சத்திரங்களின் வரலாறுகள் சிக்கிக்கொள்கின்றன. ஸ்ரீதேவியைப் பொறுத்தவரை ஏ. பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’ (1967) என்று ஒரு சாராரும், எம். ஏ. திருமுகம் இயக்கிய ‘துணைவன்’ (1969) என்று மற்றொரு சாராரும் எழுதிவருகிறார்கள். இத்தகைய இடத்தில் எது பரபரப்பாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்காமல் ஆதாரத்தைத் தேடிச் செல்லுங்கள். படத்தின் தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் வரும் எழுத்துப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் சிறு வேடமேற்ற குழந்தைகளின் பெயர்கள் விடுபட்டுப்போவது வழக்கம் என்பதால், பெயர் இல்லாத காரணத்தாலேயே அவர் நடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்ததாகப் பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். திரையரங்க வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட அந்த மெல்லிய புத்தகங்களில் நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் இருக்கும். கதைச் சுருக்கம் பெரும்பாலும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பழைய அச்சுப் பொருட்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. ‘பேசும் படம்’ போன்ற பழைய சினிமா இதழ்கள், நாளிதழ்களில் வந்த முழுப்பக்க விளம்பரங்கள், பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேகரித்துத் தொகுத்த படப் பட்டியல்கள், புனேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆகியவை அடுத்த படிகள். இத்தனையும் பார்த்த பின்னும் ஐயம் நீங்காவிட்டால், இரண்டு படங்களையும் குறிப்பிட்டு, முக்கியமான குழந்தை வேடமாக முதலில் பேசப்பட்டது எது என்று எழுதுவதே நேர்மையானது.

படங்களின் எண்ணிக்கை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். 2017இல் வெளியான ‘மாம்’ அவருடைய 300ஆவது படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ‘300ஆவது படமாக விளம்பரப்படுத்தப்பட்டது’ என்று எழுதுவதும் ‘300 படங்களில் நடித்தார்’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. நீங்களே எண்ணிப் பார்க்காத எண்ணை உங்கள் பெயரில் எழுதாதீர்கள்.

குழந்தை வேடங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

பேபி ஸ்ரீதேவி என்று எழுத்துப் பட்டியலில் பெயர் வந்த காலத்துப் படங்களை ஒரே பத்தியில் அடுக்கிவிட்டுக் கடந்துபோவது எளிது. அப்படிச் செய்யாமல், அந்தக் குழந்தையிடம் ஒவ்வொரு படமும் என்ன கேட்டது என்று பாருங்கள். ‘துணைவன்’ படத்தில் அவர் ஏற்றது பால முருகன் வேடம். தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பக்திப் படங்களுக்கே உரிய முறையில், தெய்வக் குழந்தை சிரித்த முகத்தோடு அசையாமல் நிற்க வேண்டும், பெரியவர்களுக்கு அறிவுரை கூறும் நீண்ட வசனத்தைத் தடுமாறாமல் திருத்தமாகப் பேச வேண்டும். சிறுமி ஆண் தெய்வமாக நடிப்பதைத் தமிழ் ரசிகர்கள் மிக இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். மேடை நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்த அந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். அது தெரியாத இளைய வாசகருக்கு அந்தப் படம் விளங்காது.

இரண்டாவது வகை, பெரிய நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும் குழந்தை. எம்.ஜி.ஆருடன் ‘நம் நாடு’ (1969), சிவாஜியுடன் ‘பாபு’ (1971) ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கே குழந்தையின் வேலை, நாயகனின் அன்பை ரசிகர்கள் காணச் செய்வது. ‘பாபு’வில் ரிக்‌ஷா இழுப்பவராக வரும் சிவாஜி அந்தச் சிறுமிக்காகவே வாழ்கிறவர், அவருடைய பாசம் முழுவதும் அந்தச் சிறு முகத்தின் மீதுதான் விழுந்து திரும்ப வேண்டும். அவருக்கு ஈடுகொடுத்து ஒரு குழந்தை நிற்பது சாதாரணக் காரியமில்லை. கேமரா சிவாஜியின் மீது இருக்கும்போதும் அந்தக் குழந்தை எங்கே பார்க்கிறது, வசனம் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பிற்காலத்து ஸ்ரீதேவியின் பெரும் பலம், தன் முறை வராதபோதும் காட்சிக்குள்ளேயே இருப்பது. அது இங்கே கற்றுக்கொண்ட பாடம் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது வகை, குழந்தையே படத்தின் நடுநாயகமாக இருப்பது. எஸ்.பி. முத்துராமன் இயக்குநராக அறிமுகமான ‘கனிமுத்து பாப்பா’ (1972) தமிழில் ஓர் எடுத்துக்காட்டு. அதற்கு முன்பே மலையாளத்தில் ‘பூம்பாற்ற’ (1971) படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதை அவர் பெற்றுவிட்டார். எட்டு வயதுச் சிறுமி தன் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் படத்தைத் தாங்கி விருது பெற்றாள் என்பது தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. தெலுங்கில் என்.டி. ராமாராவின் பேத்தியாக ‘படி பந்துலு’ (1972), கன்னடத்தில் ராஜ்குமாருடன் ‘பக்த கும்பாரா’ (1974), இந்தியில் நாயகி லட்சுமியின் தங்கையாக ‘ஜூலி’ (1975) என்று, பன்னிரண்டு வயதுக்குள் ஐந்து மொழிப் படப்பிடிப்புத் தளங்களை அவர் பார்த்துவிட்டார். பள்ளிக்கூட வாழ்க்கையைத் தவறவிட்டதைப் பற்றி அவரே பிற்காலத்துப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றையொன்று அடுத்து வைத்து எழுதுங்கள். தனித்தனிப் பத்திகளில் போட்டால் ஒன்று சாதனைப் பட்டியலாகவும் மற்றொன்று சோகக் குறிப்பாகவும் சுருங்கிவிடும்.

மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளில் நின்று எழுதுங்கள்

கட்டுரையின் இதயம் இந்தப் பகுதிதான். உங்களிடம் உள்ள பக்கங்களில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

ஆண் குழந்தை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். கமல்ஹாசன் 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அறிமுகமாகி, 1963இல் ‘ஆனந்த ஜோதி’ வரை குழந்தையாக நடித்தார். அதன்பின் நாடகக் குழு, நடனப் பயிற்சி, நடன உதவியாளர் வேலை என்று பல ஆண்டுகள் அவர் திரையில் நாயகனாக இல்லை. குரல் உடைந்து, உடல் வளர்ந்து, மீசை அரும்பிய பிறகு, 1970களின் நடுப்பகுதியில்தான் கதாநாயகன் ஆனார். ஸ்ரீதேவிக்கு அத்தகைய இடைவெளியே கிடைக்கவில்லை. 1975இல் தங்கை வேடம், 1976இல் கதாநாயகி. சிறுமிக்கும் பெண்ணுக்கும் நடுவே வளர்வதற்கென்று ஒரு காலம் இருக்கிறதே, அந்தக் காலமும் படப்பிடிப்புத் தளத்திலேயே கழிந்தது. பையனுக்குத் திரையுலகம் காத்திருந்தது, பெண்ணுக்குக் காத்திருக்கவில்லை என்பதை அழுத்தமாகவே எழுதலாம். அதற்கான ஆதாரம் இருவருடைய படப் பட்டியல்களிலேயே இருக்கிறது.

‘மூன்று முடிச்சு’ கே. விஸ்வநாத்தின் தெலுங்குப் படம் ஒன்றின் மறுவாக்கம். செல்வி என்ற பெண்ணின் காதலன் ஏரியில் தவறி விழுகிறான். உடனிருக்கும் நண்பன் அவனைக் காப்பாற்றாமல் துடுப்பு வலித்துக்கொண்டே போகிறான். பின்னர் செல்வி அந்த நண்பனின் தந்தையையே மணந்து, அவனுக்குத் தாய் நிலையில் வந்து நிற்கிறாள். அந்தப் படகுக் காட்சியைத் தனியாகப் பாருங்கள். கமல்ஹாசன் நீரில் விழுந்த பிறகு, பாட்டு நிற்காமல் தொடர, ரஜினிகாந்த் துடுப்பை வலிக்க, எதிரே அமர்ந்திருக்கும் செல்வியின் முகம்தான் நடந்ததை நமக்குச் சொல்ல வேண்டும். 13 வயதுச் சிறுமி, தன்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த இரண்டு நடிகர்களுக்கு நடுவே, அந்தக் காட்சியின் பாரத்தைச் சுமக்கிறாள். பிற்பாதியில் நடுவயதுக்காரர் ஒருவரின் மனைவியாக, ஒரு வளர்ந்த ஆணை ‘மகனே’ என்று அழைக்கும் அதிகாரத்தோடு நடிக்கிறாள். நடிப்பின் திறமையை வியந்து எழுதுங்கள். அதே பத்தியில் வயதையும் எழுதுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது சொற்களில் மிகுந்த கவனம் வேண்டும். ‘கனவுக்கன்னி’, ‘இளமை ததும்பும்’, ‘கொள்ளை அழகு’ என்று சினிமாச் செய்திகளில் புழங்கும் அடைமொழிகள் எல்லாம் கைக்கு எளிதாக வந்துவிடும். உங்கள் நோட்டின் வயதுக் கட்டத்தில் 13, 14, 15 என்று எழுதியிருக்கும் படங்களைப் பற்றிய பத்திகளில் அவற்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கூர்மையான செய்தி ஒன்று உண்டு. 1972இல் தாத்தா-பேத்தியாக நடித்த என்.டி. ராமாராவும் ஸ்ரீதேவியும் 1979இல் கே. ராகவேந்திர ராவின் ‘வேட்டகாடு’ படத்தில் காதலர்களாக நடித்தார்கள். ராமாராவ் பிறந்தது 1923இல். ஸ்ரீதேவி அப்போது பதினாறு வயதை ஒட்டி இருந்தார். படம் பெரும் வெற்றி பெற்றது. தமிழில் மீனா 1984இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் ரஜினிகாந்தோடு குழந்தையாக நடித்து, 1993இல் ‘எஜமான்’ படத்தில் அவருக்கு நாயகியானார். இந்தச் செய்திகளை வியப்பூட்டும் துணுக்குகளாகவே பத்திரிகைகள் வெளியிட்டு வந்திருக்கின்றன. நீங்கள் அவற்றைத் துணுக்காக எழுதாமல், நாயகனின் வயது நிற்கும் இடத்திலேயே நிற்க, நாயகியின் வயது மட்டும் ஓடிவந்து அதைத் தொட வேண்டியிருந்த ஒரு தொழில்முறையின் அடையாளமாக எழுதுங்கள். எவரையும் தனிப்பட்ட முறையில் குற்றம்சாட்டாமலேயே இதைச் சொல்ல முடியும்.

அந்தக் காலத்தை இன்றைய சட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் வாசகருக்கு உதவும். குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1986இல்தான் வந்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, 2017இல் விதிகள் வகுக்கப்பட்டபோதுதான் 14 வயது நிறையாத குழந்தைக் கலைஞர்களுக்கு நாடு முழுவதற்குமான தெளிவான வரையறைகள் கிடைத்தன. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இவற்றில் எதுவும் 1969இலோ 1976இலோ இல்லை. அன்றைய தயாரிப்பாளர்களை இன்றைய சட்டத்தின் முன் நிறுத்துவதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. எத்தகைய பாதுகாப்பும் இல்லாத நிலையில் அந்தக் குழந்தை வேலை செய்தது என்பதை வாசகர் அறிய வேண்டும்.

நடிப்பைப் பற்றி எழுதும்போது காட்சிக்குள் செல்லுங்கள்

‘16 வயதினிலே’ பற்றி எழுதாமல் ஸ்ரீதேவியைப் பற்றி எழுத முடியாது. ஆனால் எல்லோரும் சப்பாணியையும் பரட்டையையும் எழுதிவிட்டு, ஸ்ரீதேவி ஏற்ற மயிலுக்கு ஒரு வரி கொடுக்கிறார்கள். ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசைப்படும் கிராமத்துப் பெண், நகரத்திலிருந்து வரும் கால்நடை மருத்துவனை நம்பி ஏமாறுகிறாள். ஏளனம் செய்த சப்பாணியிடமே மனிதத்தன்மையைக் காண்கிறாள். யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் மயில், படத்தின் தொடக்கத்தில் பாவாடை தாவணியில் ஊரே பார்க்க நடந்துபோகும் மயில் அல்ல. குரலை உயர்த்தாமல், நடையின் வேகத்தைக் குறைத்தே அந்த மாற்றத்தை ஸ்ரீதேவி காட்டுகிறார். ரயில் நிலையத்தில் காத்திருக்கும் மயிலின் முகத்தில் வசனமே இல்லை. ஐந்து வயதிலிருந்து கேமராவுக்கு முன் அசையாமல் நிற்கப் பழகியவருக்கே அந்த நிதானம் வரும். இந்த இடத்தில் குழந்தைப் பருவத்து உழைப்பையும் நாயகியின் கலையையும் உங்கள் கட்டுரை இணைக்க வேண்டும்.

இதே கதை தெலுங்கில் ‘பதஹாரேள்ள வயசு’ (1978) என்றும், இந்தியில் ‘சோல்வா சாவன்’ (1979) என்றும் எடுக்கப்பட்டு, இரண்டிலும் அவரே நடித்தார். தெலுங்கில் வெற்றி; இந்தியில் தோல்வி. தோல்வியையும் எழுதுங்கள். 1983இல் ‘ஹிம்மத்வாலா’ வரும்வரை இந்தித் திரையுலகம் அவருக்குக் கதவு திறக்கவில்லை என்பது, அந்த வெற்றி எளிதாகக் கிடைத்ததன்று என்பதைக் காட்டும்.

இடையில் தமிழில் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘ஜானி’, ‘மீண்டும் கோகிலா’ ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. மகேந்திரனின் ‘ஜானி’யில் பாடகி அர்ச்சனா தன் காதலைத் தானே சொல்ல நேரும் காட்சியை மட்டுமாவது பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

‘மூன்றாம் பிறை’க்கு வருவோம். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குத் திரும்பிவிடும் இளம்பெண்ணாக, ஒரு காலத்துக் குழந்தை நட்சத்திரம் நடிக்கிறார் என்பதை விமர்சகர்கள் பலரும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் ஒரு படி மேலே செல்ல வேண்டுமானால், பேபி ஸ்ரீதேவியின் ஒரு காட்சியையும், நினைவிழந்த நிலையில் விஜி என்று அழைக்கப்படும் அந்தப் பெண்ணின் ஒரு காட்சியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அறுபதுகளின் குழந்தை நட்சத்திரங்கள் குழந்தையாகப் பேசியதில்லை. பெரியவர்களின் சொற்களை, பெரியவர்களின் ஏற்ற இறக்கத்தோடு பேசினார்கள். நாய்க்குட்டிக்குச் சுப்ரமணி என்று பெயரிட்டு அதோடு மல்லுக்கட்டும் விஜியிடம் அந்தப் பழைய முறையின் சாயலே இல்லை. இழுத்துப் பேசும் பேச்சு, சட்டென்று உடையும் அழுகை, கவனம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் விதம் எல்லாமே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை. தான் குழந்தையாக இருந்தபோது சினிமா தன்னிடம் கேட்காத குழந்தைத்தனத்தை, 18 வயதில் அவர் உருவாக்கினார். பின்பு நினைவு திரும்பி, தன் சொந்தப் பெயரான பாக்கியலட்சுமிக்கே மீண்டுவிட்ட அவள் ரயில் பெட்டியின் ஜன்னல் வழியே பார்க்கும் பார்வையில் விஜியின் தடயம் ஒன்றுகூட இல்லை. அந்த வெறுமையில்தான் கமல்ஹாசனின் கடைசி நிமிடப் பதற்றம் மோதிச் சிதறுகிறது. அந்தப் படத்துக்காகக் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தன, ஸ்ரீதேவிக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதிவிட்டுத் தயங்காமல் உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். என் கருத்து, அந்த ஆண்டின் மிகக் கடினமான வேடத்தை ஏற்று வென்றவர் அவர்தான் என்பது.

குரல் யாருடையது என்று பாருங்கள்

பல மொழிகளில் நடித்தவரின் வாழ்க்கையை எழுதும்போது, வசன உச்சரிப்பைப் பாராட்டும் முன் அந்தக் குரல் அவருடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1980களின் இந்திப் படங்கள் பலவற்றில் ஸ்ரீதேவிக்கு நாஸ் என்ற நடிகை குரல் கொடுத்தார். ‘ஆக்ரி ராஸ்தா’ (1986) படத்தில் ரேகா பேசினார். ‘சாந்தினி’யில் (1989) தான் இந்தி ரசிகர்கள் அவருடைய சொந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டார்கள். குரல் கொடுத்த நாஸும் 1950களில் பேபி நாஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரம்தான்; ‘பூட் பாலிஷ்’ படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்றவர். ஒரு குழந்தை நட்சத்திரம் வளர்ந்து நாட்டின் முதல்நிலை நாயகியாகிறார், அவருக்கு முந்தைய தலைமுறைக் குழந்தை நட்சத்திரம் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவருக்குக் குரல் தருகிறார் என்ற செய்தியை எந்தக் கட்டுரையிலும் விட்டுவிடாதீர்கள். எல்லாக் குழந்தை நட்சத்திரங்களும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியவில்லை. தமிழில், ‘மூன்றாம் பிறை’யின் நரிக் கதைப் பாட்டில் கமல்ஹாசனோடு ஒலிப்பது ஸ்ரீதேவியின் சொந்தக் குரல்.

இந்திப் புகழின் ஆண்டுகளைச் சுருக்கமாகவே எழுதலாம். அவை ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டவை. ‘நாகினா’, ‘மிஸ்டர் இந்தியா’, ‘சாந்தினி’ ஆகியவற்றின் வெற்றி, ‘சால்பாஸ்’, ‘லம்ஹே’ ஆகியவற்றுக்குக் கிடைத்த ஃபிலிம்ஃபேர் விருதுகள், அதே காலத்தில் தெலுங்கில் ‘க்ஷண க்ஷணம்’ என்று ஒரு பத்தி போதும்.

இடைவெளி, மீள்வருகை, மறைவு

1996இல் தயாரிப்பாளர் போனி கபூரை மணந்து, 1997இல் ‘ஜுதாய்’ படத்துக்குப் பின் அவர் பெரிய திரையிலிருந்து விலகினார். ‘திடீரென்று காணாமல் போனார்’ என்று இதை எழுதுவது வழக்கம். உங்கள் நோட்டை மறுபடி பாருங்கள். அப்போது அவருக்கு 33 வயது. அதற்குள் ஏறக்குறைய 28 ஆண்டுகள் இடைவிடாமல் வேலை செய்திருந்தார். அலுவலகத்தில் பணியாற்றும் ஒருவர் விருப்ப ஓய்வு பெறத் தேவைப்படும் ஆண்டுகளை அவர் கடந்திருந்தார். அவ்வாறு எழுதினால், அந்த 15 ஆண்டுகள் இழப்பாகத் தோன்றாமல், வாழ்க்கையில் அவர் முதன்முதலாக எடுத்துக்கொண்ட விடுமுறையாகத் தோன்றும்.

2012இல் கௌரி ஷிண்டேயின் ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ மூலம் அவர் திரும்பி வந்தார். லட்டு செய்து விற்கும் இல்லத்தரசி, நியூயார்க்கில் ஓர் ஆங்கில வகுப்பில் சேரும் கதை. வகுப்பறையில் முதல் நாள் அமரும் அந்தத் தயக்கத்தை, பள்ளி வாழ்க்கை கைகூடாத ஒருவர் நடிக்கிறார் என்று எழுத ஆசை வரும். எழுதலாம், ஆனால் அது உங்கள் வாசிப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள், நடிகையின் மனத்தில் இருந்ததாகச் சொல்லாதீர்கள். 2013இல் பத்மஸ்ரீ விருது. 2017இல் ‘மாம்’, அதற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது, அவர் மறைந்த பிறகு 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

மறைவைப் பற்றி நான்கு வரிகளுக்கு மேல் எழுத வேண்டாம். 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில், 54 வயதில் இறந்தார். முதலில் மாரடைப்பு என்று செய்திகள் வந்தன. பின்னர் தடயவியல் அறிக்கையின் அடிப்படையில், குளியல் தொட்டியில் தவறி மூழ்கியதே காரணம் என்று துபாய் அதிகாரிகள் அறிவித்து விசாரணையை முடித்தார்கள். மும்பையில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. முதலில் வந்த செய்தியை விட்டு, இறுதியாக வந்த அதிகாரபூர்வ முடிவை எழுதுங்கள். அந்த நாட்களில் தொலைக்காட்சிகள் குளியலறையை வரைந்து காட்டிய அவலத்தை நாம் மறுபடி செய்ய வேண்டியதில்லை. அழகு சிகிச்சை பற்றிய ஊகங்களுக்கும், திருமணத்துக்கு முந்தைய கிசுகிசுக்களுக்கும் இதே அளவுகோல்தான்: ஆவணமோ, அவர் வாய்மொழியோ இல்லாததை எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

நீங்கள் எழுதப்போகும் நடிகை இப்போது நம்மிடையே இருப்பவராக இருந்து, உங்களிடம் பேச இசைந்தால், அதைவிடப் பெரிய பேறு இல்லை. ‘அந்த நாட்கள் எப்படி இருந்தன’ என்று பொதுவாகக் கேட்டால் பலமுறை சொன்ன பதிலே வரும். படப்பிடிப்புத் தளத்தில் உங்களோடு யார் இருந்தார், பாடம் யார் சொல்லிக்கொடுத்தார், தூக்கம் வந்தால் எங்கே படுப்பீர்கள், சம்பளக் காசோலை யார் பெயரில் வந்தது, அது எவ்வளவு என்று உங்களுக்கு முதன்முதலாக எந்த வயதில் தெரிந்தது, அழும் காட்சிக்கு எப்படி அழ வைத்தார்கள், ஒரு படத்தை வேண்டாம் என்று முதன்முதலாக எப்போது சொன்னீர்கள் என்று கேளுங்கள். பெற்றோரைப் பற்றிய கேள்விகளைக் கடைசியில் வையுங்கள். பதில் சொல்ல விரும்பாவிட்டால் மறுமுறை கேட்காதீர்கள். எழுதி முடித்த பின், அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் பகுதிகளை அவருக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.

கடைசியாக, வெளியிடும் முன் கட்டுரையை உங்கள் நோட்டோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் எதிரே ஆண்டு சரியா, வயது சரியா, மொழி சரியா, குரல் அவருடையதா என்று பென்சிலால் குறியிட்டுக்கொண்டே வாருங்கள். குழந்தைப் பருவத்துக்கு எத்தனை பத்திகள் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். ஏழெட்டு ஆண்டு வேலைக்கு ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது என்றால், நோட்டில் அந்த ஆண்டுகளுக்கான பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் எழுதுங்கள்.